கரையோரத் துணி வரலாறு – 11: கழுத்தில் ஒரு பெயர், பக்கத்தையலில் ஒரு முத்திரை

கற்பிட்டிக் கோட்டையில் ஒல்லாந்தர் இறக்கிவைத்த சோழமண்டலத் துணிப்பொதிகளோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். தொடரின் தொடக்கத்தில் பார்த்த பயணி இப்னு பதூதாவும் வாசகர்களுக்கு நினைவிருப்பார். 1344இல் அவர் கரையிறங்கிய ‘பத்தாலா’ நம்முடைய புத்தளம்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. ஆற்று வெள்ளம் அடித்துவந்து கரையில் குவித்த கறுவாவை மாபார் என்னும் சோழமண்டலக் கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தவர்கள் விலை கொடுக்காமலே அள்ளிக்கொண்டு போனார்கள், பதிலுக்கு அரசருக்குத் துணிகளைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள் என்று அவர் எழுதிவைத்தார். இந்தக் கரைக்கும் துணிக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலுக்கு அவ்வளவு வயது.

ஆனால் அந்த நூற்றாண்டுகள் முழுக்க இங்கே வந்திறங்கியது பெரும்பாலும் வெட்டாத, தைக்காத துணி. சாரமாக, சேலையாக, தலைத்துணியாக அப்படியே உடுத்தப்பட்டது. தைக்க வேண்டியதைத் தையற்காரர் ஆளைப் பார்த்து, அளவெடுத்துத் தைத்தார். 1877இல் சிங்கர் கம்பனி கொழும்பில் கடை திறந்து, தவணைக்குத் தையல் இயந்திரம் விற்கத் தொடங்கிய பிறகும் இந்த முறை மாறவில்லை. இயந்திரம் வீட்டுக்கு வந்தது; உடுத்துபவரும் தைப்பவரும் ஒரே ஊரில்தான் இருந்தார்கள்.

அந்த உறவு அறுந்த இடத்தை இந்த வாரம் தேடுகிறோம். முன்பின் பார்த்திராத ஒருத்திக்காக, 10, 12, 14 என்று இலக்கம் போட்டு, ஆயிரக்கணக்கில் தைத்துக் கடையில் தொங்கவிடும் உடை எங்கே பிறந்தது? இன்று சிலாபத்திலும் வென்னப்புவவிலும் இருந்து விடிகாலையில் வேலைக்குப் போகும் பெண்கள் தைப்பது அந்த உடையைத்தான். அதன் பூர்வீகம் நியூயோர்க்கின் ஏழாம் அவென்யூ. அங்கே இரண்டு பேரைச் சந்திக்க வேண்டும். ஒருத்தி உடையை வடிவமைத்தவள், மற்றவள் அதைத் தைத்தவள். முதலாமவளின் பெயர் நமக்குத் தெரியும்.

கிளயர் மக்கார்டெல். 1905இல் மேரிலாந்து மாநிலத்தின் ஃப்ரெடரிக் என்ற சிற்றூரில் பிறந்தவர். நியூயோர்க்கிலும் பாரிஸிலும் வடிவமைப்புப் படித்துவிட்டு, டவுன்லி ஃப்ரொக்ஸ் என்ற ஆயத்த ஆடைக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்து அமெரிக்க உடுப்புக் கம்பனிகளில் வடிவமைப்பாளர் என்றால் பாரிஸ் மாதிரிகளைப் பார்த்து, மலிவான துணியில் அதே போல வெட்டத் தெரிந்த ஆள் என்றுதான் பொருள். உடையின் கழுத்தில் கம்பனியின் பெயரோ, விற்கும் கடையின் பெயரோ இருக்கும். வரைந்தவர் யாரென்று வாங்குபவருக்குத் தெரியாது.

1938இல் மக்கார்டெல் ஓர் உடை செய்தார். இடுப்பே இல்லாமல் தோளிலிருந்து தளர்வாகத் தொங்கும். உடுத்துபவள் தன் விருப்பப்படி இடைவாரைக் கட்டிக்கொண்டால் உருவம் வரும். துறவிகளின் அங்கியை நினைவூட்டியதால் அதற்கு ‘மடாலய உடை’ என்ற பெயர் நிலைத்தது. நியூயோர்க்கின் பெஸ்ட் அன்ட் கோ கடையில் அது விற்ற வேகத்தைப் பார்த்து மற்றக் கம்பனிகள் எல்லாம் நகலெடுத்தன. நகலெடுத்தவர்களோடு மல்லுக்கட்டியே டவுன்லி கொஞ்சக் காலம் மூடப்பட்டது. 1940இல் மீண்டும் திறந்தபோது உடைகளின் கழுத்தில் தைத்த லேபலில் புதிதாக ஒன்று இருந்தது: கிளயர் மக்கார்டெலின் பெயர். சொந்தப் பெயர் லேபலில் வந்த முதல் அமெரிக்க ஆயத்த ஆடை வடிவமைப்பாளர்களில் அவரும் ஒருவர்.

காலமும் கைகொடுத்தது. அதே 1940 ஜூனில் பாரிஸ் ஜெர்மனியரிடம் வீழ்ந்தது. நகலெடுக்க மாதிரி வராமல் போகவே, அமெரிக்கக் கடைகள் சொந்த நாட்டு வடிவமைப்பாளரைத் தேடிப் போயின. லோர்ட் அன்ட் டெய்லர் கடையின் டொரதி ஷேவர் அதற்குப் பல ஆண்டுகளாகவே பாதை போட்டு வைத்திருந்தார்.

1942இன் ‘பொப்ஓவர்’ உடையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போருக்காகத் தொழிற்சாலைகள் ஆள் எடுத்தபோது வீட்டு வேலைக்காரிகளும் அங்கே போய்விட்டார்கள். நேற்றுவரை ஏவிக்கொண்டிருந்த எஜமானி இன்று அடுப்படியில் தானே நிற்க வேண்டிய நிலை. அவளுக்கு ஏற்றதாக ஒன்று செய்து தரும்படி ‘ஹார்ப்பர்ஸ் பஸார்’ சஞ்சிகை கேட்டது. மக்கார்டெல் தொழிலாளர் உடுத்தும் டெனிம் துணியை எடுத்தார். உடலைச் சுற்றிக் கட்டும் வெட்டு. தலை வழியாக மாட்ட வேண்டியதில்லை, முதுகில் கொக்கி போட இன்னொருத்தியின் கை தேவையில்லை. முன்பக்கம் பெரிய பை. விளிம்பை ஒட்டி ஓடும் தையலை மறைக்காமல் வெளியே காட்டினார். சட்டி பிடிக்கும் கையுறை ஒன்று உடையோடு சேர்ந்தே வந்தது. விலை 6 டொலர் 95 சதம். முதல் ஆண்டிலேயே 75,000க்கு மேல் விற்றது. நம் பக்கத்துப் பெண்கள் வீட்டில் போட்டுக்கொள்ளும் ஹவுஸ்கோட்டை அறிந்தவர்களுக்கு இந்த உடையின் அருமையை விளக்கத் தேவையில்லை. அடுப்படிக்கும் ஆகும், ஆள் வந்தால் முன்வாசலுக்கும் ஆகும்.

மக்கார்டெலின் பெருமையாக நான் கருதுவது இதைத்தான். பட்டையும் சரிகையையும் தேடாமல் டெனிம், சீத்தை, ஜெர்சி என்று எளிய துணிகளை எடுத்து, உழைக்கும் உடம்பு எப்படி அசையும் என்று யோசித்து வெட்டினார். பெண்களின் உடையில் பை வைத்ததே பெரிய காரியம். இன்றும் பல கம்பனிகள் அதைச் செய்வதில்லை. சென்னைப் பக்கத்துக் கட்டம் போட்ட பருத்தித் துணியான ‘மெட்ராஸ்’ அவர் கையில் மாலை விருந்துக்கான நீள உடையாயிற்று. நம் ஆண்கள் சாரமாகக் கட்டுவதற்கு நெருங்கிய உறவான துணி அது.

அந்தத் துணிக்கு இன்னொரு கதையும் உண்டு. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் சென்னைக்கு வந்து, கப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் 10,000 யார் மெட்ராஸ் துணியை யார் ஒன்றுக்கு ஒரு டொலர் என்று வாங்கிப் போனார். ப்ரூக்ஸ் பிரதர்ஸ் அதில் உடைகள் தைத்து விற்றது. குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டும் என்ற எச்சரிக்கை வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரவில்லை. துவைத்ததும் சாயம் கரைந்து ஒன்றோடொன்று கலந்தது. புகார்கள் குவிந்தன, வழக்கறிஞர்கள் கிளம்பினார்கள். கடைசியில் சாயம் கரைவதுதான் இதன் சிறப்பு என்று விளம்பரம் செய்து, அதே துணியை இன்னும் அதிகமாக விற்றார்கள். பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய நாயரே இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

1958 என்றதும் இலங்கைத் தமிழருக்கு மே மாதக் கலவரம்தான் நினைவுக்கு வரும். உடை வரலாற்றிலும் அது கனமான ஆண்டு. அந்த ஆண்டு மார்ச் 22ஆம் திகதி கிளயர் மக்கார்டெல் புற்றுநோயால் இறந்தார். வயது 52. அதே மார்ச் மாதத்தில் நியூயோர்க்கிலும் பக்கத்து மாநிலங்களிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். நாம் சந்திக்க வேண்டிய இரண்டாவது ஆள் அந்தக் கூட்டத்தில் நிற்கிறாள்.

அவளுடைய சங்கம் சர்வதேசப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கம். 1900இல் தொடங்கியது. யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களும் அதன் முதுகெலும்பு. 1909இல் நியூயோர்க்கில் இருபதாயிரம் பேர் திரண்ட வேலைநிறுத்தத்துக்குக் குரல் கொடுத்த கிளாரா லெம்லிச் அப்போது இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆன தையற்காரி. 1911 மார்ச் 25ஆம் திகதி டிரையாங்கிள் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது கதவு பூட்டியிருந்தது. 146 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். அதற்குப் பிறகுதான் தீப் பாதுகாப்புச் சட்டங்களும் தொழிற்சாலைச் சட்டங்களும் வந்தன.

1958 மார்ச் வேலைநிறுத்தத்தில் அவர்கள் கூலி உயர்வோடு இன்னொன்றையும் வென்றார்கள். தாங்கள் தைக்கும் ஒவ்வோர் உடையிலும் சங்கத்தின் லேபலைத் தைக்கும் உரிமை. அதற்கு முன்பும் சங்க லேபல் இருந்தது. இனி அது ஒப்பந்தத்தின் அங்கமாயிற்று. அடுத்த ஆண்டே அதற்கெனப் பெரிய பிரசாரம் தொடங்கியது. பழைய அமெரிக்க உடைகளைச் சேகரிப்பவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்தச் சின்னத் துண்டைத்தான். பக்கத்தையலின் உள்ளே, சில உடைகளில் கழுத்து லேபலுக்கு அருகில் இருக்கும். இரு பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் 1955 இறுதியில் இணைந்தன; இணைந்த பெயர் லேபலில் இருந்தால் உடை அதற்குப் பிந்தியது. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் இருந்தால் 1974க்குப் பிந்தியது. கழுத்தில் இருக்கும் வடிவமைப்பாளரின் பெயர் உடையின் மதிப்பைச் சொல்கிறது. அதன் வயதைச் சொல்வது தைத்தவளின் முத்திரை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி அமெரிக்க உடையின் பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் கழுத்து லேபலோடு நின்றுவிடுகிறார்கள். அது பாதிப் பாரம்பரியம். ஒரே உடையில் வரைந்தவளுக்கும் தைத்தவளுக்கும் அடையாளம் இருந்தது என்பதுதான் அந்த உடையின் முழுப் பெருமை. இரண்டும் தானாக வந்து சேரவில்லை. ஒருத்தி கம்பனிக்குள்ளே போராடி வாங்கினாள், மற்றவர்கள் தெருவில் இறங்கி வாங்கினார்கள்.

இனி அந்த உடை நம் கரைக்கு வந்த பாதை. 1960களிலிருந்தே ஹொங்கொங், தாய்வான், தென்கொரியா ஆகிய இடங்களில் தைத்த மலிவான உடைகள் அமெரிக்கக் கடைகளை நிறைக்கத் தொடங்கின. நியூயோர்க் தையற்காரிகளின் வேலை போயிற்று. சங்கம் 1975இல் தொலைக்காட்சியில் பாட்டோடு விளம்பரம் செய்து, சங்க லேபலைப் பார்த்து வாங்குங்கள் என்று மக்களைக் கேட்டது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று அதற்கு முன்பிருந்தே அரசை நெருக்கிவந்தது. 1974இல் நடைமுறைக்கு வந்த பன்னார் ஒப்பந்தம், எந்த நாடு எவ்வளவு உடை அனுப்பலாம் என்று கோட்டா போட்டது. ஹொங்கொங் கம்பனிகளின் கோட்டா நிரம்பியது. கோட்டா இன்னும் தொடப்படாத நாடு ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1977இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது; 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் உருவானது. தங்கள் வேலையைக் காக்க நியூயோர்க் பெண்கள் கேட்டுப் பெற்ற வேலி, தையல் இயந்திரங்களை நம் வாசலுக்குத் தள்ளிவிட்டது. அவர்கள் மேல் குற்றமில்லை. நம் பெண்கள் மேலும் குற்றமில்லை. மலிவான கையைத் தேடி ஊர் ஊராகப் போனது மூலதனம்.

கட்டுநாயக்க கம்பகா மாவட்டத்தில் இருந்தாலும் புத்தளம் மாவட்டத்துக்கு அது அடுத்த வீடு. கொழும்பு–புத்தளம் வீதியும் புத்தளம் ரயில்பாதையும் அதைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. மாவட்டத்தின் தெற்கு ஊர்களிலிருந்து தினமும் போய்வந்தவர்கள் உண்டு. தூர ஊர்ப் பெண்கள் வலயத்தைச் சுற்றியுள்ள போர்டிங் அறைகளில் தங்கினார்கள். ஜப்பானிய ஜுகி இயந்திரத்தின் பெயரை வைத்து ‘ஜுகி’ பெண்கள் என்று அவர்களை ஊர் இளக்காரமாக அழைத்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த பெண்களை அப்படி அழைத்த நாக்குகளை மன்னிப்பது கடினம்.

1992இல் ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கினார். வலயத்துக்குப் பெண்கள் போவதற்குப் பதிலாகத் தொழிற்சாலை கிராமத்துக்குப் போக வேண்டும் என்பது எண்ணம். ஒவ்வொன்றிலும் சுமார் 500 பேருக்கு வேலை. பின்தங்கிய பகுதிக்குப் போகும் முதலாளிக்குக் கூடுதல் கோட்டா. கோட்டா என்ற அந்த ஒற்றைத் தூண்டில் இல்லாவிட்டால் எந்த முதலாளியும் உள்ளூருக்குப் போயிருக்க மாட்டார் என்பதே என் கணிப்பு.

தொழிற்சாலைக்குள் ஓர் உடை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ஊர்த் தையற்காரி ஒரு சட்டையை வெட்டுவதிலிருந்து பொத்தான் வைப்பதுவரை தானே செய்வாள். ‘லைன்’ அப்படி இல்லை. ஒருத்திக்குத் தோள் மூட்டு மட்டும், அடுத்தவளுக்குக் கழுத்துப் பட்டி மட்டும், அதற்கடுத்தவளுக்குப் பை மட்டும். துண்டுகள் கட்டுக் கட்டாகக் கைமாறும். மணிக்கு எத்தனை ‘பீஸ்’ என்று பலகையில் இலக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். டார்கெட் விழாவிட்டால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். அந்த வரிசையில் லேபல் வைக்கும் ஒப்பரேட்டர் இருக்கிறாள். கழுத்தின் நடுவைக் கண்ணால் அளந்து, லேபலை மடித்து வைத்து, ஊசியை இறக்கி, நூலை அறுக்கிறாள். நாள் முழுக்க அவள் கைவழியே போவது யாரோ ஒருவரின் பெயர்.

அமெரிக்காவுக்குப் போகும் உடையில் என்னென்ன எழுதியிருக்க வேண்டும் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. அதுவும் 1958இல் நிறைவேறியதுதான். இழையின் வகை, தைத்த நாடு, பொறுப்பான கம்பனியின் பெயர் அல்லது அதற்கு அமெரிக்க அரசு கொடுத்த பதிவிலக்கம். அந்த இலக்கத்தைத் தேடினால் அமெரிக்கக் கம்பனியின் முகவரி கிடைக்கும். தைத்த தொழிற்சாலை கிடைக்காது. ‘இலங்கையில் தயாரிக்கப்பட்டது’ என்பதோடு தடம் முடிகிறது.

1990களின் புத்தளத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். பெரும்பாலோர் வந்து சேர்ந்தது இந்த மாவட்டத்துக்கு. யாழ்ப்பாணத்தில் பெயர்பெற்ற தையற்காரர்கள் அவர்களுக்குள் இருந்தார்கள். இயந்திரங்களை விட்டுவிட்டு வந்தார்கள். ஓலைக் குடிசை முகாம்களில் இருந்துகொண்டு கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போன பெண்கள், வீட்டுத் தையலையும் விடவில்லை. அந்தத் தையலுக்கும் எந்த ஏட்டிலும் பதிவில்லை.

இந்தக் கரைக்கு வடிவமைப்பாளர் பெயரே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1960களில் ஏனா டி சில்வா கொழும்பில் உயிரூட்டிய பத்திக் கலை, மகாவெவ, மாரவில, வென்னப்புவ என்று இந்த மாவட்டத்தின் தெற்கில் நன்றாக வேரூன்றியது. 1970இல் புத்தி கீர்த்திசேன தொடங்கிய ‘புத்தி பத்திக்ஸ்’ இன்று அவர் மகள் தர்ஷியின் கையில் இருக்கிறது. அங்கே ஒரு பெயர் கழுத்தில் ஏறிவிட்டது. உருகிய மெழுகைத் துணியில் இழுத்து, சாயத்தில் முக்கி, வெந்நீரில் மெழுகை எடுத்து, மறுபடி மெழுகிடும் கைகளின் பெயர் இன்னும் ஏறவில்லை.

பன்னார் ஒப்பந்தத்தின் கோட்டா 2004 டிசம்பர் 31உடன் முடிந்தது. கிராமங்களில் இருந்த பல தொழிற்சாலைகள் தாக்குப்பிடிக்கவில்லை. 2010 ஆகஸ்டில் ஐரோப்பாவின் ஜிஎஸ்பி பிளஸ் தீர்வைச் சலுகை போய், 2017 மே மாதம் திரும்பி வந்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு 44 வீதத் தீர்வையை அறிவித்து, ஆகஸ்டில் அதை 20 வீதமாகக் குறைத்தது. வாஷிங்டனில் ஓர் எண் மாறும்போதெல்லாம் சிலாபத்தில் ஒரு வீட்டின் அடுப்பு கணக்குப் பார்க்கிறது.

நியூயோர்க் பெண்களின் சங்கம் 1995இல் இன்னொரு சங்கத்தோடு இணைந்து தன் பெயரை இழந்தது. ஆனால் அதன் லேபல்கள், கூட்டக் குறிப்புகள், படங்கள் எல்லாம் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. மக்கார்டெலுக்கு அவர் பிறந்த ஃப்ரெடரிக்கில் 2021இல் சிலை வைத்தார்கள். நம் நாட்டில் கட்டுநாயக்கப் பெண்களுக்காக 1984இல் ‘தாபிந்து’ என்ற சிங்களப் பத்திரிகை தொடங்கியது. தொழிலாளப் பெண்களே அதில் கதையும் கவிதையும் எழுதினார்கள். தமிழ் பேசும் ஆடைத் தொழிலாளப் பெண்களுக்கு அப்படி ஒரு சேகரம் வேண்டும்.

ஆகவே புத்தளம், சிலாபம், உடப்பு, முந்தல், கற்பிட்டி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாயோ, அக்காவோ, சின்னம்மாவோ கார்மென்டில் வேலை செய்திருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு, லைனில் எந்த வேலை, முதல் சம்பளம் எவ்வளவு, எந்தப் பெயர் போட்ட லேபலைத் தைத்தார்கள் என்று எழுதிவையுங்கள். நியமனக் கடிதம், சம்பளத் துண்டு, அடையாள அட்டை எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். அவர்கள் சம்மதித்தால் பிரதி எடுத்து இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். தொடரின் கடைசிப் பகுதிகளை அவற்றை வைத்தே எழுத விரும்புகிறேன்.

(தொடரும்)